சாம்பல் நாட்டின் ஒரே படை

இத்ரூஸ் போனில் ஆடிவந்த விளையாட்டைக் கோபத்தில் விட்டு விலகிய மறுநாள் காலையில், அவருடைய கால்கள் கடை வாசலைத் தாண்ட மறுத்தன. மாத்தளை டவுனில் இருந்த அவருடைய ஹாட்வெயார் கடைக்குள் எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. ஆணிப் பெட்டிக்கும் பெயின்ட் வாளிக்கும் நடுவில் போனார், வந்தார். பின்னறையில் தொழுதார், தூங்கினார். வாசற்படிக்கு வந்தால் மட்டும் கால் அப்படியே நின்றது. மனைவி றுக்ஸானா டொக்டரைக் கூட்டிவந்தார். டொக்டர் முழங்காலைத் தட்டினார், பாதத்தைக் கிள்ளினார், கோளாறு ஒன்றும் இல்லை என்றார், வந்தது வந்தோம் என்று குளியலறைக்கு ஒரு தண்ணீர்க் குழாயும் வாங்கிக்கொண்டு போனார். அந்த மாதம் சீமெந்து விலை ஏறியிருந்தது. ஆகவே தெருவில் எல்லாரும் சீமெந்தைப் பற்றிப் பேசினார்கள். இத்ரூஸைப் பற்றி, சீமெந்து வாங்க வந்த இடத்தில், போகிறபோக்கில் இரண்டு வார்த்தை பேசினார்கள்.

றுக்ஸானாவால் அப்படி இருக்க முடியவில்லை. மகள் றுஸைனாவின் நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹோல் பிடித்தாகிவிட்டது, பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டிய தகப்பன் பெயின்ட் வாளிகளுக்கு நடுவில் இருந்தார்.

"கலியாணத்துக்குச் சொல்லப் போக அலுப்புப்பட்டு நடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"நடிக்கிறதுண்டா வீட்டுல ஈந்து நடிக்க மாட்டேனா? இந்த டர்ப்பன்டைன் மணத்துல படுக்கிறதுக்கு எனக்கு என்ன நேர்ச்சையா?"

விளையாட்டின் பெயர் ஏழு கோட்டை. ஏழு பேர், ஏழு நாடு. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்குள் ஒவ்வொருவரும் தம் படை எங்கே போகவேண்டும் என்று போனில் கட்டளை போட்டுவிட வேண்டும். ஆறு மணிக்கு எல்லாருடைய கட்டளையும் ஒரே நேரத்தில் நடக்கும். தாயக்கட்டை கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது. ஒரு படை தனியாக இன்னொரு படையைத் தள்ள முடியாது. வேறொருவர் கைகொடுத்தால்தான் தள்ளலாம். இரண்டு பேர் ஒரே இடத்துக்குப் போனால் முட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அதனால் விளையாட்டு என்பது பெரும்பாலும் பேச்சுதான்: வாக்குக் கொடுப்பது, வாக்கை நம்புவது, நம்பினவரைக் குத்துவது. வரைபடத்தில் இருந்த ஊர்களின் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று இவர்கள் ஆரம்பத்திலேயே மாவட்டத்து ஊர்ப் பெயர்களை வைத்துக்கொண்டார்கள். தெற்கே இருந்த கோட்டை மாத்தளை, அதற்கு மேலே அலுவிகாரை, அதற்கு மேலே நாலந்தா, மலை உச்சியில் இருந்தது சீகிரியா. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இப்படிப் பெயர் வைத்ததுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். விளையாட்டைச் செய்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டார்கள். போனை ஒருமுறை அணைத்துப் போடுமாறு பதில் வந்தது.

இத்ரூஸ் சாம்பல் நாட்டை ஆண்டார். நாலந்தாவில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வெள்ளைக்காரர்களுக்குக் கறுவாப் பட்டையும் ஏலமும் காட்டி விளக்கம் சொல்லும் வேலை பார்த்த இராசமாணிக்கம் பச்சை நாட்டை ஆண்டார். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. ஆனால் இரண்டு வருடம் கூட்டாளிகள். ஒருவர் வீட்டுக் காய்ச்சல் மற்றவருக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை இராசமாணிக்கம், முன்கூட்டி ஒரு சாடையும் காட்டாமல், இத்ரூஸின் கோட்டைகளைப் பிடித்துக்கொண்டார். சாம்பல் நாட்டுக்கு மிஞ்சியது மாத்தளைக் கோட்டையும் ஒரே ஒரு படையும். இத்ரூஸ் கொதித்துப்போய், நீல நாட்டை ஆண்ட கஜீபனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார். கஜீபன் சீகிரியாவில் த்ரீவீல் ஓட்டும் பையன். "மாத்தளைய நீ எடுத்துக்க. அந்த மனுசனுக்கு மட்டும் கெடைக்கப்படாது." அனுப்பிவிட்டு, யாருக்கும் ஒரு சலாம்கூடச் சொல்லாமல் விளையாட்டைப் போனிலிருந்தே அழித்தார்.

சொல்லாமல் போனதுதான் குற்றம் என்று ஸக்கரியா தீர்ப்புச் சொன்னார். ஸக்கரியா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருந்தார். விளையாட்டுக்கு நடுவர் அவர்தான். அவருடைய சட்டங்கள் எல்லாம் நீளமான குரல் மெசேஜ்களாக வரும், பின்னணியில் தட்டு விழுகிற சத்தத்தோடு. கலியாண வீட்டில் ஒருவர் எழும்பிப் போன கதிரையில் இன்னொருவர் உட்காருவதற்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா, நாட்டுக்கும் அது உண்டு என்பது அவருடைய கொள்கை. போகிறவர் சபையில் சொல்லிவிட்டு, தன் வாயால் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். புதிதாக உட்காருகிறவர் பழையவரைக் குறை பேசக் கூடாது. பழையவர் கொடுத்த வாக்கை மூன்று முறையாவது காக்க வேண்டும். பழையவரின் பகையைக் காக்கத் தேவையில்லை. கடைசியில் கதிரையைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று பழையவரிடம் கேட்க வேண்டும். ஆனால் கொண்டுபோன இடத்தில் வைத்துக் கொடுக்க முடியாது. எடுத்த இடத்தில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இவ்வளவு மரியாதை தெரிந்த ஸக்கரியா, தம் பேக்கரியில் பாண் வாங்க இடித்துக்கொண்டு நிற்பவர்களை ஒரு நாளும் வரிசையில் நிற்கச் சொன்னதில்லை.

சாம்பல் நாட்டில் உட்கார வந்தவர் ஜெயந்தினி. அலுவிகாரையில் தையல் கடை வைத்திருந்தார்; ஒரு வருடமாக ஒரு இடம் காலியாகட்டும் என்று காத்திருந்தவர். உட்கார்ந்த அன்றே ஸக்கரியா அவருக்கு, இத்ரூஸ் கஜீபனுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிச் சொன்னார். இருந்த ஒரே கோட்டையையும் விட்டுக்கொடுக்கச் சொல்லும் வாக்கு. ஜெயந்தினி ஒரு பெருமூச்சு விட்டு, செவ்வாய்க்கிழமைக்குக் கட்டளை போட்டார்: படை மாத்தளையை விட்டு அலுவிகாரைக்குப் போகட்டும்.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு இத்ரூஸ் பின்னறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. கால்கள் எழும்பின. தோளில் துவாயோடு, கையில் ரேசரோடு, வெறுங்காலோடு கடையை விட்டு இறங்கி, பெரிய ரோட்டில் வடக்கே நடந்தார். எதிரே வந்த பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். இத்ரூஸ் ரேசரை உயர்த்தி மன்னிப்புக் கேட்டார். அலுவிகாரைக்கு வந்ததும் கால்கள் நின்றன. தையல் கடையைத் திறந்துகொண்டிருந்த ஜெயந்தினியிடம் போய்த் தண்ணீர் கேட்டார்.

ஜெயந்தினி அவரை விளையாட்டில் இருந்த படத்தில் பார்த்திருந்தார். "நீங்க சாம்பல் தானே?"

"இருந்தேன்."

"இப்ப ஒங்க எடத்துல ஆடுறது நான்தான், இத்ரூஸ் நானா."

இத்ரூஸ் தண்ணீரைக் குடித்து முடித்தார். "அப்ப நீங்கதான் நடத்துறது. சொல்லிட்டு நடத்துனா செருப்பயாச்சும் போட்டுட்டு வந்திருப்பேன் தங்கச்சி."

ஜெயந்தினிக்கு வெட்கமாகப் போயிற்று. பக்கத்துக் கடையில் ஒரு சோடிச் செருப்பு வாங்கிக் கொடுத்தார். நடுவரின் சட்டங்களில் செருப்பைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை.

காலியான மாத்தளைக்குள் நீலப் படை புகுந்திருந்தது. அன்று முதல் விஷயம் எல்லாருக்கும் விளங்கிற்று. படை நிற்கிற ஊருக்குள் இத்ரூஸ் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரலாம். எல்லையைத் தாண்ட முடியாது. கஜீபன் நல்ல பையன். சீகிரியாவிலிருந்து த்ரீவீலைக் கொண்டுவந்து, கூலி வேண்டாம் என்று சொல்லி, அவரை ஏற்றிக்கொண்டு மாத்தளைப் பக்கம் ஓட்டினான். ஊர் எல்லையில் திரும்பிப் பார்த்தபோது பின் சீட்டில் யாரும் இல்லை. இத்ரூஸ் பின்னால் ரோட்டு ஓரத்தில், உட்கார்ந்த நிலையிலிருந்து மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தார். கஜீபன் இன்னும் இரண்டு தடவை முயன்றான். பிறகு பெற்றோல் வீண் என்று விட்டான். "அப்ப நீ மாத்தளைய விட்டுப் போயேன் மகன்" என்று இத்ரூஸ் சொன்னதற்கு, "அங்கிள், மாத்தளையோட சேத்து எனக்கு வெற்றிக்கு ஒரு கோட்டதான் கொற. ரெண்டு வருசமா ஒரு தடவகூட நான் ஜெயிச்சதில்ல. ஆட்டம் வேற, பாசம் வேற இல்லீங்களா" என்றான். எல்லாரும் அதை ஒத்துக்கொண்டார்கள். இத்ரூஸும் தலையாட்டினார், முன்பு அதே வார்த்தையை அவரும் பலருக்குச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை நீலப் படை அலுவிகாரையைச் சுற்றி வளைக்க வருவது தெரிந்தது. சிக்கினால் படை அழிந்துவிடும். அப்படி அழிந்தால் ஒரு மனிதனுக்கு என்ன ஆகும் என்று பார்க்க யாருக்கும் விருப்பம் இல்லை. ஜெயந்தினி படையை நாலந்தாவுக்கு அனுப்பினார். இந்த முறை முதல் நாளே சொல்லியிருந்ததால், இத்ரூஸ் செருப்பு, குடை, றுக்ஸானா கொடுத்தனுப்பிய சோற்றுப் பார்சல் எல்லாம் எடுத்துக்கொண்டு நடந்தார். வழியில் தம்புள்ளை லொறிக்காரர்கள் அவருக்குக் கை காட்டினார்கள்.

நாலந்தாவில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் இராசமாணிக்கம்தான். ஸ்பைஸ் கார்டனுக்குப் பின்னால், மிளகு காயவைக்கும் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். இத்ரூஸ் படுத்துக்கொண்டார், பேசவில்லை. தேவையானதெல்லாம் இராசமாணிக்கத்தின் மனைவி அழகாயி வழியாகப் போய்வந்தது. ஹராம் ஹலால் குழப்பம் வேண்டாம் என்று அழகாயி அந்த நாட்களில் வீட்டிலேயே மரக்கறி மட்டும் சமைத்தார்.

"கொத்தமல்லி குடிக்கிறாரான்னு கேளு" என்பார் இராசமாணிக்கம், இத்ரூஸுக்கு முன்னால் நின்றுகொண்டே.

"வேணாண்டு சொல்லுங்க" என்பார் இத்ரூஸ், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த செவ்வாய் அவர் திரும்பி அலுவிகாரைக்கு நடந்தார். கஜீபனும் அதே இடத்துக்குப் படை அனுப்பியிருந்தான். பலாப்பத்வெலை வளைவுவரை போன கால்கள், சுவரில் முட்டியது போல நின்று, திரும்பி நாலந்தாவுக்கு வந்தன. வெள்ளிக்கிழமையும் அதே. இப்படி முட்டித் திரும்பியது மூன்று முறைக் கணக்கில் சேருமா, அதாவது கஜீபனுக்குக் கொடுத்த வாக்கு இப்போது கழிந்துவிட்டதா என்று ஸக்கரியா ஆராய்ந்து ஒரு குரல் மெசேஜ் அனுப்பினார். அதைக் கேட்டு முடிப்பதற்குள் ஜெயந்தினி ஒரு சட்டைக்குக் கை தைத்து முடித்தார். நடந்த கால் நடந்ததுதான், ஆகவே கணக்கில் சேரும், வாக்கு கழிந்தது, இனிக் கஜீபனைத் தள்ளலாம் என்பது தீர்ப்பு. தள்ளுவதற்கு இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். கைகொடுக்கிற தூரத்தில் படை வைத்திருந்தவர் இராசமாணிக்கம் ஒருவர்தான்.

நிக்காஹ் அடுத்த வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை. அதற்கு இரண்டு நாள் கழித்து, செவ்வாயில், குறையாக இருந்த ஒரு கோட்டையையும் பிடித்து கஜீபன் ஜெயித்துவிடுவான், விளையாட்டு முடிந்துவிடும். முடிகிற நேரத்தில் படை எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊரிலேயே இத்ரூஸ் காலமெல்லாம் நிற்பாரோ என்று யாருக்கும் தெரியவில்லை. றுக்ஸானா, நிக்காஹ் நடத்திவைக்கும் லெப்பையைப் போய்ப் பார்த்தார். லெப்பை நிதானமான மனிதர். அதில் ஒரு கஷ்டமும் இல்லை, பொண்ணுடைய சாச்சாவுக்கு, தகப்பனின் தம்பிக்கு, வக்காலத்துக் கொடுத்தால் அவர் தகப்பன் இடத்தில் உட்கார்ந்து காரியத்தை முடிக்கலாம், மார்க்கம் அதை அனுமதிக்கிறது என்றார். றுக்ஸானா அதைப் போனில் சொன்னார்.

"என்ட எடத்துல ஒராள் ஒக்காந்தது போதும்" என்றார் இத்ரூஸ். "அந்த எடத்தயும் நான் குடுக்க மாட்டேன்."

"அப்பண்டா அந்த மாணிக்கத்துக்கிட்ட வாயத் தொறந்து கேளுங்க."

"அது நடக்காது."

"ரெண்டும் நடக்காட்டி, மகள் கேட்டா நான் என்னத்தச் சொல்ற? வாப்பாக்கு கோவம் முக்கியம்டு சொல்லவா?"

அன்று மாலை கொத்தமல்லி வந்தபோது இத்ரூஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அழகாயி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "எனக்கு அடுப்புல வேல கெடக்கு. இனி ரெண்டு பேரும் நேரா பேசிக்கிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருவரும் காயப்போட்டிருந்த மிளகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் குத்துன?" என்று இத்ரூஸ் கேட்டார்.

இராசமாணிக்கம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "நீங்க அவ்வளவு நல்லா நம்புனீங்க நானா. அப்படி நம்புற ஆளக் குத்தாம விட்டா ஆட்டத்துக்கே மரியாத இல்லன்னு பட்டுச்சு."

"அண்டைக்கு காலையிலயும் எனக்கு ஜும்ஆ முபாறக் அனுப்பினியே."

"அது மனசார அனுப்புனதுங்க. குத்துனது வேற, அது வேற."

இத்ரூஸ் கொத்தமல்லியைக் குடித்தார். "மகளுக்கு கலியாணம்" என்றார். கேட்டது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பச்சைப் படை கைகொடுத்தது. இத்ரூஸ் முட்டாமல் அலுவிகாரைக்கு வந்து சேர்ந்தார். கஜீபன் உடனே இராசமாணிக்கத்தை அழைத்து இது என்ன என்று கேட்டான். விரல் தவறிப் பட்டுவிட்டது என்றும், வெள்ளிக்கிழமை மாத்தளையைக் காக்கத் தானே கைகொடுப்பதாகவும் இராசமாணிக்கம் சொன்னார். அதே நாள் ஜெயந்தினிக்கும் கைகொடுப்பதாகச் சொன்னார். இரண்டு பக்கமும் சரி என்று சொல்வது அவருடைய பழக்கம். இரண்டு பக்கமும் அதை மனசாரச் சொல்வார் என்பதுதான் அவரிடம் இருந்த ஆபத்து. வியாழக்கிழமை முழுவதும் குரூப்பில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸக்கரியா மட்டும், நடுவர் யாருக்கும் சார்பாகப் பிரார்த்திக்கக் கூடாது என்று ஒரு மெசேஜ் அனுப்பினார்.

வெள்ளி விடிந்ததும் றுக்ஸானா முதல் பஸ்ஸில் அலுவிகாரைக்கு வந்தார். தையல் கடை வாசலில் இத்ரூஸ் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். ஜெயந்தினி போனைக் கையில் வைத்திருந்தார். ஆறு மணி ஆயிற்று. போனில் வட்டம் சுற்றியது; அந்தப் பக்கத்தில் சிக்னல் எப்போதும் மோசம். "என்னவாம்?" என்று றுக்ஸானா கேட்டார். "இன்னும் தொறக்கல்லக்கா" என்றார் ஜெயந்தினி. இத்ரூஸ் தம் பாதங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வலது காலின் பெருவிரல் மெதுவாகத் தெற்கே திரும்பியது. பிறகு மற்ற விரல்கள். "நடக்குது" என்றார். போன் திறப்பதற்குள் அவர் ரோட்டுக்கு ஏறிவிட்டார். றுக்ஸானா கைப்பையோடு பின்னால் ஓடினார். எல்லையில், த்ரீவீல் காலியான அதே இடத்தில், இத்ரூஸ் கண்ணை மூடிக்கொண்டார். கால்கள் நிற்கவில்லை, தாண்டிப் போயின. கடையில் ஆணிப் பெட்டி, பெயின்ட் வாளி எல்லாம் இருந்தபடி இருந்தன. பின்னறையில் சவர்க்கார நுரை காய்ந்துபோயிருந்தது.

கஜீபன் குரூப்பில் கேட்டான்: "மாணிக்கண்ணே, எனக்கும் சரின்னு தானே சொன்னீங்க?"

"ஆமா தம்பி. ஒனக்குச் சொன்னப்பவும் நெசமாதான் சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை இத்ரூஸ் தம் இடத்தில் தாமே உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளைக் கட்டிக்கொடுத்தார். ஒரு வரியை இரண்டு தடவை சொன்னார். லெப்பை பொறுத்துக்கொண்டார். இராசமாணிக்கமும் அழகாயியும் ஒரு பெட்டி நிறையக் கறுவா கொண்டுவந்திருந்தார்கள். தோற்றுப்போன கஜீபன் இரண்டு தடவை பிரியாணி வாங்கினான். ஸக்கரியா கேக் தந்தார். தருவதற்கு முன் ஒரு சிறு உரையும் தந்தார்.

சாப்பாடு முடிந்தபின் ஜெயந்தினி, முறைப்படி, சபையில் எழுந்து நின்றார். படை எடுத்த இடத்தில் வந்து நிற்கிறது, நாட்டைத் திருப்பித் தருகிறேன், நானா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றார். ஏற்றுக்கொண்டால் கால் அவருடையது. கஜீபனைப் போல, ஸக்கரியாவைப் போல, எங்கும் போகலாம், வரலாம். றுக்ஸானா பிளேட்டைக் கீழே வைத்தார். இத்ரூஸ் காலில் போட்டிருந்த புதுச் சப்பாத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மோவாயைத் தடவினார்.

"தங்கச்சி, கோவத்துல நான் குடுத்த வாக்கு அது. நானெண்டா அத காத்திருக்க மாட்டேன். நீங்க கோட்டையக் குடுத்துக் காத்தீங்க." தம் காலைக் காட்டினார். "அந்தக் கால் ஒங்ககிட்டயே ஈக்கட்டும். வெள்ளிக்கெழமைல மட்டும் ஜும்ஆக்குப் பள்ளிவாசல் ஈக்கிற ஊரா பாத்து வெய்ங்க."

சபையில் இதற்கு மறுப்பு இல்லை. ஏற்க மறுத்தால் என்ன செய்வது என்று சட்டத்தில் இல்லாததால், ஸக்கரியா அதையும் சட்டமாக்கினார்.

அதற்குப் பிறகு வருடங்கள் போய்விட்டன. கஜீபன் அதற்கடுத்த ஆட்டத்தில் ஜெயித்தான். ஆட்டம் முடிந்த இடத்திலிருந்து அடுத்த ஆட்டம் தொடங்கியது, அவ்வளவுதான் நடந்தது. இத்ரூஸின் கடையில் வியாபாரம் கூடியது. சொன்ன வாக்கிலிருந்து நகர முடியாத மனிதர் என்று ஊரில் பெயர். பேரப்பிள்ளை பிறந்தபோது நாலந்தாவில் இருந்தார். ஜெயந்தினி ஒரு நல்ல கோட்டையைக் கைவிட்டு அவரை அடுத்த செவ்வாயே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். றுக்ஸானா இப்போது ஜெயந்தினிக்குத்தான் மெசேஜ் அனுப்புகிறார்: வெள்ளிக்கு அவர் தம்புள்ளைப் பக்கம் போவதாக இருந்தால் வெங்காயம் எடுத்துவரச் சொல்லவும். ஏழு கோட்டையைப் பார்த்து மாவட்டத்தில் வேறு குரூப்புகளும் வந்துவிட்டன. அவற்றிலும் ஆட்கள் சொல்லாமல் விலகுகிறார்கள், செவ்வாயும் வெள்ளியும் பெரிய ரோட்டில் காலையில் நடக்கிறார்கள், பஸ்காரர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். யாராவது இன்னொருவருடைய இடத்தில் உட்காருவதென்றால் முதலில் அந்த வீட்டுக்குப் போய்க் கால் அளவு கேட்கிறார்கள். அலுவிகாரையில் ஜெயந்தினியின் பக்கத்துக் கடைக்காரர் திங்களும் வியாழனும் கூடுதலாகச் செருப்பு எடுத்து வைக்கிறார். விலையில் மாற்றம் இல்லை.